கணக்கேடு மட்டும் போதுமா? வாங்காத கடனும் நிரூபிக்கும் பொறுப்பும்

கடன் வாங்கியவர் திருப்பித் தராதபோது என்ன செய்வது என்ற கேள்விக்கு நம் சட்டங்களிலும் ரிசர்வ் வங்கியின் சுற்றறிக்கைகளிலும் பக்கம் பக்கமாக விடை இருக்கிறது. கடனே வாங்காதவரிடம் வசூலுக்கு வந்தால் என்ன செய்வது என்பதற்கு நேரான விடை இல்லை. நண்பகலில் ஓர் அழைப்பு வருகிறது. பேசுபவர் பெயரைச் சரியாகவே சொல்கிறார். "மூணு டியூ பெண்டிங்ல இருக்கு, இன்னைக்குள்ள கட்டிடுங்க" என்கிறார். எப்போது வாங்கிய கடன் என்று கேட்டால், "எல்லாம் சிஸ்டத்துல இருக்கு." நான் வாங்கவே இல்லையே என்றால், "வாங்கலேன்னு நீங்கதான் ப்ரூவ் பண்ணணும்." இந்தக் கடைசி வாக்கியம்தான் இக்கட்டுரையின் ஆய்வுப் பொருள். இந்தியச் சாட்சியச் சட்டத்தின் அடிப்படைக்கு நேர் எதிரானது அது. ஆனாலும் தொலைபேசியில் நாள்தோறும் சொல்லப்படுகிறது, கேட்பவர்களில் பலர் அதை நம்பவும் செய்கிறார்கள். முகவரின் முரட்டுத்தனம் மட்டும் இதற்குக் காரணமாக இருந்தால் பயிற்சியாலும் தண்டனையாலும் சரிசெய்துவிடலாம். கோளாறு அதைவிட ஆழத்தில் இருக்கிறது. கடன் கொடுத்ததாகச் சொல்பவரின் கணக்கேட்டுக்கு நீதிமன்றத்தில் இல்லாத மதிப்பை நீதிமன்றத்துக்கு வெளியே நாமே சட்டம் போட்டுக் கொடுத்திருக்கிறோம் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

1. வாங்காதவர்கள் யார்?

முதலில் எண் மாறாட்டம். பயன்பாட்டிலிருந்து நீக்கப்பட்ட கைபேசி எண் குறைந்தது 90 நாள் கழித்து வேறொருவருக்கு வழங்கப்படலாம். 2023இல் உச்ச நீதிமன்றத்தில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் இதைத் தெரிவித்தது. எண் கைமாறியதும் பழைய உரிமையாளரின் தவணைகளும் சேர்ந்தே கைமாறுகின்றன. வங்கியின் பதிவேட்டில் எண் மாறுவதில்லை. புதிய சிம் வாங்கிய கல்லூரி மாணவரிடம் யாரோ ஒருவரின் டிராக்டர் கடனைக் கேட்கிறார்கள். நீக்கப்பட்ட எண்களின் பட்டியலைப் பயன்படுத்தித் தரவுகளைச் சுத்தம் செய்யுமாறு 2025 ஜனவரியில் ரிசர்வ் வங்கி நிதி நிறுவனங்களுக்கு அறிவுறுத்தியது. இந்த வகை ஒப்பீட்டளவில் எளிது, பெயர் பொருந்தாது என்பதால் பெரும்பாலும் நாலைந்து அழைப்புகளில் தீர்ந்துவிடும்.

இரண்டாவது வகையினர், கடன் வாங்கியவரின் தொடர்புப் பட்டியலில் இருந்ததாலோ ரெஃபரன்ஸ் என்று குறிப்பிடப்பட்டதாலோ சிக்கிக்கொள்பவர்கள். டிஜிட்டல் கடன் குறித்து ரிசர்வ் வங்கி அமைத்த பணிக்குழு 2021 நவம்பரில் வெளியிட்ட அறிக்கையின்படி, அவ்வாண்டு ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் எண்பதுக்கும் மேற்பட்ட செயலிக் கடைகளில் இந்தியப் பயனாளர்களுக்குக் கிடைத்த கடன் செயலிகள் ஏறத்தாழ 1,100. அவற்றில் 600 சட்டவிரோதமானவை. செயலியை நிறுவும்போதே தொடர்பு எண்கள் முழுவதையும் உருவிக்கொள்வதுதான் இவற்றின் தொழில்முறை. அடமானமாக நகையோ நிலமோ கிடையாது. கடன் வாங்கியவரின் மானமே அடமானம், அதை ஏலம் விடும் இடம் அவருடைய நண்பர்களின் கைபேசி. 2022 செப்டம்பரில் வந்த டிஜிட்டல் கடன் வழிகாட்டுதல்கள் தொடர்புப் பட்டியல், அழைப்புப் பதிவு, கோப்புகள் ஆகியவற்றைச் செயலிகள் தொடுவதைத் தடுத்தன. அடுத்த ஆண்டு கூகுள் நிறுவனமும் தனிநபர் கடன் செயலிகளுக்கு இதே தடையை விதித்தது. ஒழுங்குமுறைக்கு உட்பட்ட நிறுவனங்களை இவை கட்டுப்படுத்தும். வேறு வழிகளில் வந்துசேரும் செயலிகளுக்கு இந்த விதிகளால் ஒன்றும் ஆகப்போவதில்லை.

மூன்றாவது வகைதான் மிகக் கடுமையானது: ஒருவரின் பான் எண்ணையும் ஆதார் நகலையும் வைத்து இன்னொருவர் கடன் வாங்கிவிடுவது. 2022இன் முதல் மாதங்களில் இந்தி நடிகை சன்னி லியோனி, நடிகர் ராஜ்குமார் ராவ் ஆகிய இருவரும் தங்கள் பான் எண்ணைப் பயன்படுத்தி யாரோ சிறு தொகைக் கடன் பெற்றிருப்பதாக அடுத்தடுத்து வெளிப்படையாகப் புகார் செய்தார்கள். முன்னவருக்கு 2,000 ரூபாய், பின்னவருக்கு 2,500 ரூபாய். நாடறிந்த முகங்களின் பெயரிலேயே சரிபார்ப்பு இப்படித் தவறுமானால், ஜெராக்ஸ் கடையில் ஆதார் நகலை விட்டுவிட்டு வரும் சாதாரண மனிதரின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. நடிகர்கள் சமூக ஊடகத்தில் எழுதினால் நிறுவனம் ஓடிவரும். மற்றவர்களுக்கு, தன் பெயரில் கடன் இருப்பதே வீட்டுக்கடனுக்கு விண்ணப்பித்து 'சிபில் ஸ்கோர் இல்லை' என்று மறுக்கப்படும் நாளில்தான் தெரியவருகிறது.

கட்டிமுடித்த கடன் ஏட்டில் மட்டும் முடியாமல் நின்று, வேறொரு நிறுவனத்துக்கு விற்கப்பட்டு, புதியவர் வந்து கேட்பது நான்காவது வகை. சொத்துரிமை மாற்றுச் சட்டம் 1882இன் 132ஆம் பிரிவின்படி, கடனை விலைக்கு வாங்கியவருக்கு விற்றவரைவிட மேலான உரிமை கிடையாது. விற்றவரிடம் சொல்லக்கூடிய 'கட்டிவிட்டேன்' என்ற பதிலை வாங்கியவரிடமும் சொல்லலாம். ஐந்தாவது வகை, இறந்தவரின் குடும்பம். இங்கே ஒரு வேறுபாட்டை மறந்துவிடக் கூடாது. ஜாமீன் கையெழுத்துப் போட்டவர் வாங்காதவர் பட்டியலில் சேரமாட்டார். இந்திய ஒப்பந்தச் சட்டம் 128ஆம் பிரிவின்படி, ஒப்பந்தம் வேறுவிதமாகச் சொல்லாதவரை, அவர் பொறுப்பு கடனாளியின் பொறுப்புக்குச் சமம். மகளிர் குழுக் கடனில் கூட்டுப் பொறுப்பேற்றுக் கையெழுத்திட்டவரும் அப்படியே. வாரிசுகளின் பொறுப்போ தமக்கு வந்துசேர்ந்த சொத்தின் அளவோடு முடிகிறது. தந்தையின் கடனைத் தீர்ப்பது மகனின் புனிதக் கடமை என்ற பழைய இந்துச் சட்டக் கோட்பாட்டை மட்டுமே காரணமாகக் காட்டி மகன்மீதோ பேரன்மீதோ வழக்காட முடியாது என்று 2005ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைத் திருத்தம் தெளிவாக்கிவிட்டது. அத்திருத்தத்துக்கு முந்தைய கடன்களுக்குத்தான் விலக்கு. சட்டப் புத்தகத்திலிருந்து போன கோட்பாடு ஊர் வாயிலிருந்து போகவில்லை. துக்க வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, "அப்பா பேரைக் காப்பாத்த வேணாமா" என்று கேட்கும் முகவர் அதைத்தான் பயன்படுத்துகிறார்.

2. நடத்தை பற்றிய விதிகளும் அவற்றின் எல்லையும்

கடன் வசூல் குறித்த இந்திய விவாதம் இதுவரை ஏறக்குறைய முழுவதும் நடத்தையைப் பற்றியதாகவே இருந்துவந்திருக்கிறது. ஐசிஐசிஐ வங்கி எதிர் பிரகாஷ் கௌர் வழக்கில் 2007இல் உச்ச நீதிமன்றம் அடியாட்களை வைத்து வாகனங்களைப் பறிமுதல் செய்வதைக் கண்டித்தது. மறு ஆண்டு அதே நீதிமன்றம் சாந்தி தேவி சர்மா வழக்கில், வசூல் முகவர்கள் வீட்டுக்கு வந்துபோனபின் ஓர் இளைஞர் தற்கொலை செய்துகொண்டது குறித்து டெல்லி உயர் நீதிமன்றம் கூறிய கருத்துகளை நீக்க மறுத்தது. 2008 ஏப்ரலில் வந்த ரிசர்வ் வங்கிச் சுற்றறிக்கை, முகவர்களுக்குப் பயிற்சி, அடையாள அட்டை, வங்கியின் அங்கீகாரக் கடிதம், அழைப்புப் பதிவு எனப் பல நிபந்தனைகளை விதித்தது. 2022 ஆகஸ்ட் சுற்றறிக்கை காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் அழைப்பதைத் தடை செய்தது. கடனாளியின் குடும்பத்தார், ரெஃபரன்ஸ் கொடுக்கப்பட்டவர்கள், நண்பர்கள் ஆகியோரின் அந்தரங்கத்தில் தலையிடக் கூடாது என்றும் சொன்னது. நுண்கடனுக்கு நேர வரம்பு இன்னும் குறுகியது: காலை 9 முதல் மாலை 6 வரை. தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டு கந்துவட்டித் தடைச் சட்டத்துக்குப் பிறகு, 2025இல் கடன் வழங்கும் நிறுவனங்களின் வலுக்கட்டாய நடவடிக்கைகளைத் தடுக்கத் தனிச் சட்டமே வந்தது. கடன் பெற்றவரையோ அவர் குடும்பத்தாரையோ மிரட்டுவது, பின்தொடர்வது, இழிவுபடுத்துவது ஆகியவற்றுக்கு அதில் சிறைத்தண்டனை உண்டு.

இவற்றின் மதிப்பைக் குறைத்துச் சொல்ல முடியாது. ஒவ்வொன்றுக்கும் பின்னால் உயிரிழப்புகள் இருக்கின்றன. ஆனால், எல்லாம் ஒரே அனுமானத்தின்மேல் நிற்கின்றன: கடன் இருக்கிறது, அதை எப்படிக் கேட்பது என்பதே கேள்வி. கடன் இருக்கிறதா என்ற முந்தைய கேள்வியை அவை தொடுவதில்லை. காலை 8 மணிக்குப் பிறகு, அடையாள அட்டையோடு, மரியாதையான குரலில், வாங்காத கடனை ஒருவரிடம் கேட்டுக்கொண்டே இருப்பதில் இந்த விதிகளின்படி பெரிய மீறல் எதுவும் இல்லை. கண்ணியமாக நடத்தப்படுவது கடனாளியின் உரிமை. கடனாளியே அல்லாதவருக்குத் தேவைப்படுவது அந்தப் பட்டியலிலிருந்து வெளியேறும் வழி. இரண்டும் வெவ்வேறு. ரெஃபரன்ஸ் கொடுக்கப்பட்டவரின் அந்தரங்கம் காக்கப்பட வேண்டும் என்கிற 2022 சுற்றறிக்கை, அவர் தன் எண்ணை நீக்கச் சொன்னால் எத்தனை நாளில் நீக்க வேண்டும் என்று சொல்லவில்லை.

ஒரு விதிவிலக்கு உண்டு என்று வாதிடலாம். புகார் கொடுக்கப்பட்டிருந்தால் அது தீரும்வரை கணக்கை வசூல் முகமையிடம் ஒப்படைக்க வேண்டாம் என்று 2008 சுற்றறிக்கையே வங்கிகளுக்கு அறிவுறுத்தியது. நல்ல விதை. ஆனால் அங்கும் புகார்தாரர் கடனாளி என்றே கொள்ளப்படுகிறார். புகார் வீணானது, தொந்தரவுக்காகத் தொடர்ந்து கொடுக்கப்படுவது என்று தக்க சான்றுடன் வங்கி நம்பினால் வசூலைத் தொடரலாம். அந்தச் சான்று தக்கதா என்று முடிவுசெய்வதும் வங்கியே. ஏற்கெனவே முகமைக்குப் போய்விட்ட கணக்கின் கதி என்ன என்பது தெளிவில்லை.

3. ஒரே ஏடு, இரண்டு சட்டங்கள்

சாட்சியச் சட்டத்தின் நிலைப்பாட்டில் ஐயமில்லை. ஓர் உரிமை உண்டென்று கோருபவர் அதற்கு அடிப்படையான உண்மைகளை நிரூபிக்க வேண்டும் என்பது 1872ஆம் ஆண்டுச் சட்டத்தின் 101ஆம் பிரிவு. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதிநியத்தில் அது 104ஆம் பிரிவு. கணக்கேடுகளைப் பற்றிப் பழைய சட்டத்தின் 34ஆம் பிரிவு, புதிய சட்டத்தின் 28ஆம் பிரிவு, இன்னும் நேரடியாகப் பேசுகிறது: வழக்கமான தொழில் நடவடிக்கையில் முறையாக எழுதப்பட்ட ஏட்டுப் பதிவுகள் பொருத்தமான சாட்சியமே, ஆனால் அவற்றை மட்டும் வைத்து எவர்மீதும் பொறுப்பைச் சுமத்த முடியாது. வங்கி ஏடு இதற்கு விலக்கா என்ற கேள்வி சந்திரதர் கோஸ்வாமி எதிர் கௌஹாத்தி வங்கி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் முன் வந்தது. ஏ.ஐ.ஆர். 1967 தொகுதியில் வெளியான அத்தீர்ப்பு, வங்கியின் சான்றளிக்கப்பட்ட ஏட்டு நகலும் தனியே போதாது, எதிராளி பதிவை ஒப்புக்கொள்ளாதபோது பணம் உண்மையில் கொடுக்கப்பட்டதற்கு வேறு சான்று வேண்டும் என்றது. முப்பதாண்டுகள் கழித்து, அரசியல்வாதிகளுக்குப் பணம் கொடுத்ததாகச் சொல்லப்பட்ட ஜெயின் ஹவாலா வழக்கில் இதே பிரிவுதான் பெரிய தலைவர்கள் சிலர் வெளியேறக் கதவைத் திறந்தது. அமைச்சர்களுக்குப் பயன்பட்ட கொள்கை 2,000 ரூபாய் செயலிக் கடனில் மாட்டிக்கொண்டவருக்கும் பயன்பட வேண்டும்.

பயன்படாமல் போவதற்குக் காரணம், விவகாரம் நீதிமன்றத்துக்குப் போவதே இல்லை. ஐயாயிரம் ரூபாய்க்காக வழக்குத் தொடுத்தால் செலவு அசலைத் தாண்டும். ஆகவே தொகை சிறிதாக இருப்பது வசூல்காரருக்குப் பலவீனம் போலத் தோன்றினாலும் உண்மையில் அதுதான் அவர் பலம்: தன் ஏட்டை எவரும் குறுக்கு விசாரணை செய்ய மாட்டார்கள் என்று அவருக்குத் தெரியும். தீர்ப்பு இல்லாமலேயே தீர்ப்பின் விளைவைத் தரும் கருவி வேறொன்று அவர் கையில் இருக்கிறது. அதுதான் கடன் தகவல் அறிக்கை. மக்கள் வழக்கில் நாட்டின் நான்கு கடன் தகவல் நிறுவனங்களின் அறிக்கைகளுக்கும் சேர்த்து 'சிபில்' என்றே பெயர்.

கடன் தகவல் நிறுவனங்கள் (ஒழுங்குமுறை) சட்டம் 2005இல் நடைமுறையின் முடிச்சு இருக்கிறது. அதன் 21ஆம் பிரிவு, பிழையான தகவலைத் திருத்தக் கோரும் உரிமையை அளித்து, முப்பது நாள் கெடு விதிக்கிறது. ஆனால் உடனே இரண்டு வரம்புகளை வைக்கிறது. முதலாவது: சம்பந்தப்பட்ட கடன் நிறுவனம் சரியென்று சான்றளித்த பிறகே தகவல் நிறுவனம் திருத்தம் செய்யலாம். இரண்டாவது: திருத்தம் தொடர்பான தகராறு நடுவர்முன்போ தீர்ப்பாயத்திலோ நீதிமன்றத்திலோ நிலுவையில் இருந்தால் திருத்தமே கூடாது, அதுவரை கடன் நிறுவனத்தின் ஏட்டில் உள்ள பதிவே கணக்கில் கொள்ளப்படும். அதாவது, ஒருவர் துணிந்து வழக்குத் தொடுத்தால் அந்த வழக்கு முடியும்வரை எதிர்த்தரப்பின் ஏடே அவரைப் பற்றிய உண்மையாக நாடெங்கும் உள்ள வங்கிகளுக்கு வழங்கப்படும். ஒரே நாடாளுமன்றத்தின் இரண்டு சட்டங்கள் ஒரே ஏட்டை இரண்டு விதமாகப் பார்க்கின்றன. நீதிமன்றத்தில் ஏடு மட்டும் போதாது. வீட்டுக்கடன் மேசையில், கல்விக்கடன் மேசையில், சில இடங்களில் வேலைக்கான நேர்காணலில்கூட, ஏடு மட்டும் போதும். "வாங்கலேன்னு நீங்கதான் ப்ரூவ் பண்ணணும்" என்று முகவர் சொல்வது சட்டப்படி பொய். நடைமுறைப்படி அவர் சொல்வதுதான் நடக்கிறது.

4. இரண்டு முன்மாதிரிகள்

பொறுப்பை வங்கியின் பக்கம் திருப்ப முடியுமா என்பதற்கு வெளிநாட்டுக்குப் போகத் தேவையில்லை. 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட வாடிக்கையாளர் பாதுகாப்புச் சுற்றறிக்கை, அனுமதியில்லாத மின்னணுப் பரிவர்த்தனைகளில் வாடிக்கையாளர்தான் பொறுப்பு என்று நிரூபிக்கும் சுமை வங்கியுடையது என்று வெளிப்படையாகச் சொல்கிறது. தவறு வங்கியினுடையதோ வாடிக்கையாளருடையதோ அல்லாமல் மூன்றாம் இடத்தில் நிகழ்ந்திருந்தால், மூன்று வேலைநாளுக்குள் தெரிவித்தவருக்கு இழப்பே கிடையாது. இதை ஆள்மாறாட்டக் கடனோடு சேர்த்துவைத்துப் பார்க்க வேண்டும். ஒரே திருடன், திருடிய அதே அடையாள விவரங்களைக் கொண்டு ஒருவருடைய சேமிப்புக் கணக்கிலிருந்து பத்தாயிரம் எடுத்தால் நிரூபிப்பது வங்கியின் வேலை. அதே விவரங்களைக் கொண்டு அவர் பெயரில் பத்தாயிரம் கடன் வாங்கினால், நிரூபிப்பது அவர் வேலை. இந்த வேறுபாட்டுக்குக் கொள்கை அடிப்படை எதையும் காண முடியவில்லை. சொல்லப்போனால் இரண்டாவதில்தான் வங்கியின் பொறுப்பு கூடுதல். ஆளைச் சரிபார்த்துப் பணம் கொடுத்தது அதுதானே?

அமெரிக்காவில் 1977ஆம் ஆண்டு நியாயமான கடன் வசூல் நடைமுறைச் சட்டம் நேரடியாகவே இந்தக் கேள்வியைக் கையாள்கிறது. தொடர்புகொண்ட ஐந்து நாளுக்குள் கடன் விவரத்தை வசூல் நிறுவனம் எழுத்தில் தர வேண்டும். பெற்றவர் முப்பது நாளுக்குள் எழுத்தில் மறுத்தால், சரிபார்ப்பை அனுப்பும்வரை வசூலை நிறுத்திவைக்க வேண்டும். மூன்றாம் மனிதரை அழைப்பது, கடனாளி இருக்குமிடம் அறிவதற்கு மட்டுமே. கடன் இருப்பதையே அவரிடம் சொல்லக் கூடாது, பொதுவாக ஒருமுறைக்குமேல் அழைக்கவும் கூடாது. நம்மூர் ரெஃபரன்ஸ் அழைப்புகளோடு இதை ஒப்பிட்டால் தூரம் விளங்கும். ஆனாலும் அமெரிக்க முறையை அப்படியே பெயர்த்துவைக்கச் சொல்வது சரியாகாது. சௌத்ரி எதிர் கல்லெரிட்ஸோ வழக்கில் 1999இல் அங்குள்ள மேல்முறையீட்டு நீதிமன்றம், கடன் கொடுத்தவர் இவ்வளவு கேட்கிறார் என்று வசூல் தரப்பு எழுத்தில் உறுதிசெய்தாலே சரிபார்ப்பு ஆகிவிடும் என்று பொருள்கொண்டது. அங்கும் கதை ஏட்டுக்கே திரும்பிவந்துவிட்டது. மேலும் அச்சட்டம் பெரும்பாலும் பிறருக்காக வசூலிக்கும் நிறுவனங்களுக்கானது, கடன் கொடுத்த வங்கி தானே கேட்கும்போது பொருந்தாது. கற்றுக்கொள்ள வேண்டியது இரண்டு: மறுப்பு வந்ததும் வசூல் நிற்க வேண்டும் என்ற கொள்கை சரி, 'சரிபார்ப்பு' என்றால் எந்த ஆவணம் என்று விதியிலேயே எழுதாவிட்டால் அது வெற்றுச் சடங்காகிவிடும்.

5. எதிர்வாதங்கள்

முதல் எதிர்வாதம் வங்கித் தரப்பினுடையது, அது அற்பமானதும் அல்ல. மறுத்தால் வசூல் நிற்கும் என்றால் வாங்கியவர்களெல்லாம் மறுப்பார்கள். கடன் ஒழுக்கம் குலையும். கடைசியில் ஒழுங்காகக் கட்டுபவர்கள்தான் கூடுதல் வட்டியாக அந்தச் சுமையைத் தாங்குவார்கள். ஆனால் உண்மையாகக் கொடுத்த கடனுக்குச் சான்று காட்ட எவ்வளவு நேரம் ஆகும்? கையொப்பமிட்ட அல்லது மின்கையொப்பமிட்ட ஒப்பந்தம், அடையாளச் சரிபார்ப்பின்போது எடுத்த புகைப்படம், பணம் போய்ச்சேர்ந்த வங்கிக் கணக்கின் விவரம். மூன்றும் கடன் கொடுத்தவரிடம் ஏற்கெனவே இருக்க வேண்டியவை. ரிசர்வ் வங்கி விதிகளின்படி டிஜிட்டல் கடன், சில விலக்குகள் நீங்கலாக, நேராகக் கடனாளியின் வங்கிக் கணக்குக்கே போயாக வேண்டும். ஆகவே பொய்யாக மறுப்பவரை ஒரே மின்னஞ்சலில் வாயடைக்கலாம். இந்த மூன்றையும் காட்ட முடியாத நிறுவனத்தால், தான் யாருக்குக் கடன் கொடுத்தோம் என்றே சொல்ல முடியாது. அப்படிப்பட்ட நிறுவனத்துக்கு வசூல் தடைபடுவதில் அநீதி ஏதுமில்லை.

இரண்டாவது எதிர்வாதம், இருக்கும் குறைதீர்ப்பு வழிகள் போதும் என்பது. 2023 அக்டோபர் சுற்றறிக்கையின்படி, கடன் தகவல் குறித்த புகார் முப்பது நாளில் தீராவிட்டால் அதன்பின் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு உண்டு. 2024 ஏப்ரலிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. கடன் அறிக்கையை யாராவது பார்த்தால் குறுஞ்செய்தி வர வேண்டும், ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகப் பெறலாம். அதற்கும் மேலே ரிசர்வ் வங்கியின் ஒருங்கிணைந்த ஆம்புட்ஸ்மேன் திட்டம், 2021இல் தொடங்கப்பட்டது. இவை உண்மையான முன்னேற்றங்கள். ஆனால் அந்த 100 ரூபாய், பதில் சொல்லத் தாமதித்ததற்கான தண்டம். 'பதிவு சரியே' என்று நிறுவனம் கெடுவுக்குள் பதில் எழுதிவிட்டால் புகார் தீர்ந்ததாகிவிடும். ஆம்புட்ஸ்மேன் திட்டத்திலோ, விரிவான ஆவணச் சான்றும் வாய்மொழிச் சாட்சியமும் தேவைப்படும் புகாரைத் தமக்கு ஏற்றதல்ல என்று தள்ளிவிட இடமுண்டு. கையொப்பம் போலி என்ற புகார் அந்த வாசலில் நின்றுவிடக்கூடியது. சுமை யாருடையது என்று முன்கூட்டியே விதித்திருந்தால் விரிவான விசாரணைக்கே தேவை இருக்காது: ஆவணம் வந்ததா இல்லையா என்று பார்த்தால் போதும்.

மூன்றாவதை எதிர்வாதம் என்பதைவிட, நம் குடும்பங்களில் பெரியவர்கள் சொல்லும் யோசனை எனலாம்: "சின்னத் தொகைதானே, கட்டித் தொலைச்சிட்டு நிம்மதியா இரு." மானத்துக்கு அஞ்சும் சமூகத்தில் இதன் இழுவிசையைக் குறைத்து மதிப்பிடக் கூடாது, சட்டவிரோதச் செயலிகள் வாழ்வதே இந்த ஒரு வாக்கியத்தால்தான். ஆனால் கட்டுவது எதையும் முடிப்பதில்லை. காலவரம்புச் சட்டம் 1963இன்படி சாதாரணக் கடனுக்கு மூன்றாண்டு வரம்பு. அது முடியுமுன் எழுத்தில் ஒப்புக்கொண்டாலோ பகுதித் தொகையைக் கட்டி அது எழுத்தில் பதிவானாலோ மூன்றாண்டு மீண்டும் முதலிலிருந்து ஓடத் தொடங்கும். வாங்காத கடனுக்குக் கட்டிய ஐந்நூறு ரூபாயை, வாங்கியதை ஒப்புக்கொண்டதற்குச் சான்றாக எதிர்த்தரப்பு காட்டும். பேரம் பேசிப் பாதி கட்டினாலோ கடன் அறிக்கையில் 'செட்டில்டு' என்று ஏறும். முழுக்கடனையும் கட்ட முடியாதவர் என்று அதற்கு வங்கிகள் பொருள்கொள்கின்றன. வாங்காத கடனோடு செய்யாத குற்றமும் சேர்ந்துகொள்கிறது. தந்தையின் கடனை மகன் மனமுவந்து தீர்ப்பது வேறு; அது அவர் அறம், அதில் குறுக்கே நிற்க எவருக்கும் உரிமையில்லை. அந்த அறத்தை வசூல் பட்டியலில் வரவாக எழுதிக்கொள்ள நிறுவனத்துக்கும் உரிமையில்லை.

6. செய்ய வேண்டியது

மாற்றம் பெரிய சட்டம் எதையும் கோரவில்லை. 2017இல் வைப்புக் கணக்குகளுக்குச் சொன்னதைக் கடன் கணக்குகளுக்கும் ரிசர்வ் வங்கி விரிவாக்க வேண்டும்: எழுத்தில் மறுப்பு வந்தால் ஒப்பந்தம், அடையாளச் சரிபார்ப்புப் பதிவு, பணம் சென்ற கணக்கு ஆகிய மூன்றையும் தரும்வரை வசூல் நிற்க வேண்டும், கடன் அறிக்கையில் அந்தப் பதிவு 'மறுக்கப்பட்டது' என்ற குறியோடு மட்டுமே காட்டப்பட வேண்டும். இது கடனாளிக்கு மட்டுமின்றி அழைப்பு வந்த எவருக்கும் உள்ள உரிமை என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் 21ஆம் பிரிவிலுள்ள இரண்டு வரம்புகளையும் நாடாளுமன்றம்தான் திருத்த முடியும், அதற்கு நாளாகும். சட்டவிரோதச் செயலிகளுக்கு இவை எதுவும் பொருந்தாது, அது காவல்துறையின் வேலை.

அதுவரை, அழைப்பு வருபவர்கள் இருக்கும் விதிகளைக்கொண்டே ஓரளவு தற்காத்துக்கொள்ளலாம். தொலைபேசியில் பிறந்த தேதியையோ பான் எண்ணையோ ஓடிபியையோ உறுதிசெய்யாதீர்கள். முகவரின் பெயரையும் எந்த நிறுவனத்துக்காகப் பேசுகிறார் என்பதையும் குறித்துக்கொண்டு, அந்த நிறுவனம் ரிசர்வ் வங்கியின் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், அதன் குறைதீர்ப்பு அதிகாரிக்கு 'இக்கடனை நான் பெறவில்லை' என்று எழுதி, மேலே சொன்ன மூன்று ஆவணங்களையும் கேளுங்கள். நான்கு தகவல் நிறுவனங்களிலும் கடன் அறிக்கையை எடுத்துப் பார்த்து, தவறான பதிவை எழுத்தில் மறுத்துவிடுங்கள். அடையாளம் திருடப்பட்டிருந்தால் அது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66சி பிரிவின்கீழ் குற்றம். 1930 என்ற எண்ணிலோ தேசிய சைபர் குற்றத் தளத்திலோ புகாரளித்து ஒப்புகையை வைத்துக்கொள்ளுங்கள். முப்பது நாளில் பதில் வராவிட்டாலோ வந்த பதிலில் ஆவணம் இல்லாவிட்டாலோ ஆம்புட்ஸ்மேனுக்கு எழுதுங்கள். ஆவணங்கள் கைக்கு வரும்வரை ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள்.